மூன்று வீடுகள், மூன்று நாவல்கள்

நாவலைப் படித்து முடித்ததும் விமர்சகர் அதன் கட்டமைப்பையும் உத்தியையும் தனித்தனியாகக் கழற்றி வைத்துப் பார்ப்பார். பொழுதுபோகப் படிக்கும் சாதாரண வாசகருக்கு அந்தக் கவலை கிடையாது. கதையில் வரும் வீட்டுக்குள் நேராகப் போய் உட்கார்ந்துவிடுவார். யார் சமைக்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள், கடைசிப் பந்தியில் சாப்பிடுவது யார் என்று கவனிப்பார். பிடிக்காத மாமியாரை மனதுக்குள் திட்டுவார். கதையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிடுவார்.

தில்லியில் அப்படி ஒரு வாசகி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி கரோல்பாகுக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிற வழக்கம் இல்லை. நூலகத்தில் கிடைப்பதை எடுப்பார், யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்வார், தடிமன் குறைவாக இருந்தால் காசு கொடுத்தும் வாங்குவார். கடந்த சில மாதங்களில் அப்படி வந்து சேர்ந்தவை மூன்று நாவல்கள். ஒன்று மலையாளம், இரண்டு கன்னடம். மூன்றையும் தமிழில் படித்தார். மூன்றுமே ஒரு வீட்டைப் பற்றிய கதைகள் என்பது படித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

முதலாவது, எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நாலுகெட்டு'. 1958-ல் வெளிவந்தது. 2024 டிசம்பரில் எம்.டி. காலமானபோது பத்திரிகைகளில் வந்த அஞ்சலிகளைப் பார்த்துவிட்டுத்தான் அவர் இதைத் தேடிப் பிடித்தார். கதாநாயகன் அப்புண்ணி என்ற சிறுவன். அவன் அம்மா பாருக்குட்டி, குடும்பத்தை மீறி, தனக்குப் பிடித்த கோந்துண்ணி நாயரோடு போனவள். கணவன் செத்த பிறகும் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லை. ஊரில் வேலை செய்து பிள்ளையை வளர்க்கிறாள். மருமக்கள்தாய முறைப்படி பிள்ளைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். அந்தக் கணக்கில் பெரிய வீடு அப்புண்ணிக்கும் சொந்தம்தான். ஆனால் வீட்டில் நடக்கும் நாக பூஜையைப் பார்க்கும் ஆசையில் போகிறவனை, குடும்பத் தலைவரான பெரிய மாமா விரட்டி அடிக்கிறார்.

விரட்டிய மாமாவைவிட, சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல்தான் வாசகிக்குக் கோபம். அப்புண்ணி மீதும் அவருக்கு ஒரு குறை உண்டு. தனக்கு உதவியாக இருக்கும் சங்கரன் நாயரோடு அம்மாவைச் சேர்த்து ஊர் பேசியதும், பையன் ரோஷப்பட்டு அம்மாவை விட்டுப் போய்விடுகிறான். "அவளுக்கு இருந்ததே அவன் ஒருத்தன்தானே" என்று கேட்கிறார். பிற்பாடு அவன் வயநாட்டு எஸ்டேட்டில் சம்பாதித்து வந்து, கடனில் மூழ்கிய மாமாவிடமிருந்து அந்த வீட்டையே விலைக்கு வாங்கி அம்மாவைக் கூட்டி வருகிறான். வெற்றிதான். ஆனால் வாங்கிய வீட்டை இடித்துவிட்டு, காற்றும் வெளிச்சமும் வருகிற மாதிரி ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும் என்கிறான். அந்த இடத்தில் வாசகி ஒரு நிமிடம் புத்தகத்தை மூடி வைத்தார். அவ்வளவு அவமானப்பட்டுக் கிடைத்த வீட்டில் அவனால் மூச்சுவிடக்கூட முடியவில்லை.

இரண்டாவது, எஸ்.எல். பைரப்பாவின் 'க்ருஹபங்க'. 1970-ல் வந்த இந்த நாவல் 'ஒரு குடும்பம் சிதைகிறது' என்ற பெயரில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் வந்தது. வாசகிக்குக் கிடைத்தது தையல் விட்டுப்போன நூலகப் பிரதி. பைரப்பா 2025 செப்டம்பரில் மறைந்தார். சிறுவயதில் தாயையும் உடன்பிறந்தவர்களையும் பிளேக்குக்குப் பறிகொடுத்தவர் அவர். கதையிலும் பிளேக் வருகிறது. 1896-ல் பம்பாயில் தலைகாட்டிய அந்த நோய் 1898-ல் மைசூர் சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்தது. எலி செத்து விழுந்தால் ஊரே வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியே குடிசை போட்டுக்கொண்டு போகும்.

நஞ்சம்மா என்ற பெண் சிறு வயதில் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வருகிறாள். மாமியார் கங்கம்மாவின் வாய்க்கும் பிடிவாதத்துக்கும் நிலம் ஒவ்வொன்றாகப் போகிறது. கணவன் சென்னிகராயன் ஊர்க் கணக்கர். கணக்கு எழுதத் தெரியாது, சாப்பிடத் தெரியும். அவன் எழுத வேண்டிய கணக்கை நஞ்சம்மா எழுதுகிறாள். இலை தைத்து விற்கிறாள். மூன்று குழந்தைகளை வளர்க்கிறாள். அவர்களில் இரண்டு பேரை பிளேக் கொண்டுபோகிறது. பிறகு அவளையும்.

ஒரே மூச்சில் படிக்க முடிந்த புத்தகம் இல்லை இது. நடுவில் இரண்டு நாள் மேஜை மேலேயே கிடந்தது. "ஒரு நல்ல காரியமாவது நடக்கக் கூடாதா?" என்பது அவருடைய புகார். விமர்சகர்கள் இதைக் குறை என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சாதாரண வாசகருக்கு இப்படிக் கேட்க உரிமை இருக்கிறது. இருந்தும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவர் மனதில் நின்றது சாவுகள் இல்லை, கணக்குப் புத்தகம்தான். எழுதுவது அவள், பெயர் அவனுடையது, வருகிற பணத்தைத் தின்று தீர்ப்பதும் அவன்.

மூன்றாவது, விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்'. 2013-ல் கன்னடத்தில் வந்தது. மெலிந்த புத்தகம் என்பதால் காசு கொடுத்து வாங்கினார். இரண்டு மாலைகளில் முடிந்தது. இந்தக் குடும்பம் பெங்களூரில், ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக அறைகள் கொண்ட ஒரு சின்ன வீட்டில் எறும்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தது. அப்பா விற்பனைப் பிரதிநிதி. அவர் வேலை போனதும் சித்தப்பா 'சோனா மசாலா' என்று ஒரு வியாபாரம் தொடங்குகிறார். பணம் கொட்டுகிறது. பெரிய வீடு வருகிறது. கதை சொல்கிற மகனுக்குக் கம்பெனியில் ஒரு பதவி, சம்பளம் எல்லாம் உண்டு, வேலை மட்டும் கிடையாது. கல்யாணமாகி வரும் அனிதாவுக்கு இது தெரியவரும்போதுதான் சிக்கல். தலைப்பு அவளுடைய சொல்தான். அவளும் அவள் தம்பியும் சின்ன வயதில் பட்டத்து நூல் சிக்கிக்கொண்டபோது கண்டுபிடித்த, எந்த அகராதியிலும் இல்லாத வார்த்தை.

முதல் இரண்டு நாவல்களில் சண்டை போடுகிற குடும்பங்கள். இதில் அப்படி இல்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பாவைத் தேடி, கையில் குழம்புப் பாத்திரத்தோடு ஒரு பெண் வாசலுக்கு வரும்போது வீட்டுப் பெண்கள் சேர்ந்து அவளைத் துரத்துகிற விதம் வாசகியை நடுங்க வைத்தது. அடியாள் யாரும் தேவைப்படவில்லை, அம்மாவும் மகளுமே போதும். தங்கள் வசதிக்கு ஆபத்து என்றால் அன்பான குடும்பம் எதுவரை போகும் என்பதை ஷான்பாக் சொல்லாமலே விட்டுவிடுகிறார். கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகு, முன்னால் தமாஷாகத் தோன்றிய பேச்சுகளை எல்லாம் அவர் திரும்பப் போய்ப் பார்த்தார். அவற்றில் தமாஷ் இல்லை.

மூன்று கதைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது அவருக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. கஷ்டம் என்று வரும்போது வீட்டுக்குள்ளிருந்து யாரும் கை கொடுக்கவில்லை. அப்புண்ணிக்கு நல்ல காலம் பிறக்க வழி செய்கிறவன் செய்தாலிக்குட்டி. அப்பாவைக் கொன்றவன் இவன் என்று அப்புண்ணி சிறுவயதிலிருந்து பழிவாங்கக் காத்திருந்த அதே ஆள். நஞ்சம்மாவுக்கு ஆறுதலாக இருப்பவர் பாட்டுப் பாடிப் பிச்சை எடுக்கும் மாதேவய்யா. சாதியும் வேறு, உறவும் இல்லை. காச்சர் கோச்சரில் கதை சொல்கிறவனுக்குப் போக்கிடமாக இருப்பது காபி ஹவுஸ் பணியாளர் வின்சென்ட். கூட்டுக் குடும்பத்தின் பெருமையை சினிமாவும் டி.வி. தொடர்களும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நாவலாசிரியர்களோ வெவ்வேறு காலத்தில், இரண்டு மொழிகளில், யாரும் சொல்லிவைக்காமல் வாசலுக்கு வெளியே இருக்கும் ஆளைக் காட்டியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் சட்டம் தன் வேலையைச் செய்துவந்திருக்கிறது. அப்புண்ணியின் தறவாட்டு முறைக்கு 1975-ல் இயற்றிய சட்டத்தின் மூலம் கேரளம் முற்றுப்புள்ளி வைத்தது. தமிழ்நாடு 1989-ல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005-ல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வித்தியாசம் பார்க்கவில்லை. இந்த விவரங்கள் வாசகிக்கு அத்துப்படி. காரணம் இருக்கிறது. சொந்த ஊரில் பூர்வீக வீடு விற்பனைக்கு வருகிறது. விடுதலைப் பத்திரத்தில் அவர் கையெழுத்துக்காக அண்ணன் காத்திருக்கிறார்.

அண்ணன் பெரிய மாமாவைப் போல் கெட்டவர் இல்லை. அப்பா அம்மாவைக் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொண்டவர். அதனால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். நஞ்சம்மாவைப் படித்த பிறகு ஒரு கேள்வி வந்துவிட்டது. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டது அண்ணன் என்று ஊரே சொல்கிறது. படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு ஆறு வருடம் பணிவிடை செய்தது அண்ணி. வேளாவேளைக்கு மருந்து கொடுத்தது, வீட்டு வரி கட்டப் போய் வரிசையில் நின்றது, ஓட்டுக்கூரை ஒழுகியபோது ஆள் பிடித்து மாற்றியது எல்லாம் அவர்தான். எந்தப் பத்திரத்திலும் அவர் பெயர் இல்லை. சட்டத்தின் கணக்கில் மகளுக்குப் பங்கு உண்டு, மருமகளுக்கு இல்லை. தில்லியிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை போய் வந்த தனக்கு ஒரு பங்கு, அங்கேயே உழைத்தவருக்கு ஒன்றும் கிடையாது என்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. இத்தனை வருடம் இது ஏன் தோன்றவில்லை என்பதும் அவருக்கே புரியவில்லை.

நாவல் படித்து யாரும் திருந்துவதில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் வாசகி அண்ணனுக்கு எழுதிவிட்டார். விடுதலைப் பத்திரம் வேண்டாம், தன் பங்கை அண்ணி பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதித் தரத் தயார், அண்ணி பெயருக்கு மட்டும்தான் என்பது அதன் சாரம். மூன்று வாரமாகிறது, அண்ணனிடமிருந்து பதில் இல்லை. அண்ணி மட்டும் போனில் பேசினார். அந்தக் கன்னட நாவல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.