நீளம் பார்த்தோம்... கனம் பார்த்தோமா?



ஆண்டு மலரில் எழுத எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, சார்ஜர் ஒயரைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்க வேண்டாம். ரெக்கார்டு நோட்டில் முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு, அந்த ஒயர்தான் ஓம் விதியை உண்மையில் கற்றுக் கொடுத்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். இட்லிக் கடை வைத்திருக்கும் என் அம்மா, சீட்டு எடுத்த பணத்தில் செகண்ட் ஹாண்டு டேப் ஒன்று வாங்கித் தந்தார். பாடக் குறிப்பு எல்லாம் அதில்தான். வீட்டில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, வாசல் கதவோரம். கூட வந்த 1 மீட்டர் ஒயர் நான் படிக்கும் இடத்துக்கு எட்டவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரக் கடையில் 3 மீட்டர் ஒயர் கேட்டேன். கலர் பார்த்தேன், நீளம் பார்த்தேன், பேரம் பேசினேன், வாங்கி வந்தேன்.

செமஸ்டர் தேர்வுக்கு முந்தின இரவு. சார்ஜ் ஏறுவதாகத் திரையில் படம் காட்டுகிறது. சதவீதமோ இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு மணிக்கு டேப் அணைந்தே விட்டது. இரண்டு யூனிட் பாக்கி! விழித்துக்கொண்ட அம்மா கேட்டார்: "கரெண்டு படிப்புதானடா படிக்கிற? வாங்கும்போதே பாக்க மாட்டியா?"

என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் ஒயரின் மேல் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். 28 கேஜ். அந்தத் தாமிரக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை. போக 3, வர 3 என்று 6 மீட்டருக்கு ஏறக்குறைய 1.3 ஓம். 2 ஆம்பியர் ஓட வேண்டுமானால் 2.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜர் தருவதோ 5 வோல்ட்தான்! மின்னழுத்தம் குறைந்தால் டேப் தான் இழுக்கும் கரெண்டைக் குறைத்துக்கொள்ளும். பிறகு எப்படி சார்ஜ் ஏறும்? அதே நீளத்தில் 20 கேஜ் என்றால் இழப்பு 0.4 வோல்ட்தான். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பது நாம் படித்ததுதானே!

ஆகவே நண்பர்களே, நீளமான ஒயர் வாங்குவது தப்பில்லை. மெலிந்த ஒயரை நீளமாக வாங்குவதுதான் தப்பு. சில ஒயர்களில் 28, 24 என்று இரண்டு எண் இருக்கும். 28 தகவல் போகும் கம்பிக்கு. 24 மின்சாரம் போகும் கம்பிக்கு. நாம் பார்க்க வேண்டியது இரண்டாவதை. எண்ணே போடாத ஒயரை வாங்காமல் இருப்பது நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. 5 வோல்ட் பக்கத்தை நீட்டுவதற்குப் பதில் 230 வோல்ட் பக்கத்தை நீட்டலாம். 10 வாட்டை 5 வோல்ட்டில் கொண்டுபோக 2 ஆம்பியர் வேண்டும். 230 வோல்ட்டில் 0.1 ஆம்பியர்கூட வேண்டாம். மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதும் இதே காரணத்துக்காகத்தானே! ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை வாங்கினேன். பழைய 1 மீட்டர் ஒயரே இப்போது போதும். ஒயரைப் பாய்க்கு அடியில் மட்டும் விடாதீர்கள். சூடும் மிதியும் ஆபத்து.

தேர்வுத் தாளில் ஓம் விதியை எழுதிவிட்டுக் கடையில் அதை மறந்துபோகும் படிப்பு என்ன படிப்பு? கடன் வாங்கி, சீட்டுக் கட்டி நம்மை அனுப்புகிறவர்கள் மார்க் ஷீட்டை மட்டும் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் ஒரு ஒயர் வாங்கினால்கூட, "எங்க புள்ளையக் கேட்டு வாங்கலாம்" என்று அவர்கள் சொல்ல வேண்டும். போன மாதம் கடைக்கு மிக்ஸி வாங்கப் போனபோது அம்மா என்னையும் கூட்டிப் போனார். அந்தச் செமஸ்டரில் நான் வாங்கிய மதிப்பெண்ணைவிட அது எனக்குப் பெரிது.

படிப்போம்! படித்ததைப் பயன்படுத்துவோம்!

— இரண்டாமாண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை