மேற்குச் சுவருக்கு ஒரு சட்டை

அன்பு வாசகர்களே,

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறும் நாட்களில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. வெளிச்சுவர்களுக்கென்று ஒரு சிறப்பிதழ் கொண்டுவர வேண்டும் என்று எங்களை நினைக்க வைத்தவர்கள் நீங்கள்தாம். "எலிவேஷனுக்கு என்ன போடலாம்?" என்று கேட்டு வரும் கடிதங்கள் மாதத்துக்கு மாதம் கூடுகின்றன. அவற்றில் ஒன்று திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் வாசகர் எழுதியது. அவருடைய கட்டடம் மேற்குப் பார்த்தது. முகப்புக்கு ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டுப் பலகை) ஷீட் வேண்டாம் என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டது. வெளிப்புறத்துக்கென்றே வரும் எச்.பி.எல். (உயரழுத்த லேமினேட்) பலகையை அடிக்கலாம், பார்வைக்குத் தேக்கு மாதிரியே இருக்கும் என்கிறாராம் கான்ட்ராக்டர். "நம்ம ஊருக்கு இது ஒத்து வருங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒத்து வரும். ஆனால் எதற்காகப் போடுகிறோம், எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஒத்து வரும். அதை விரிவாகச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

முதலில் பலகை. வீட்டு அலமாரிக் கதவிலும் ஓட்டல் மேசையிலும் ஒட்டியிருக்கும் மைக்கா ஷீட் நம் எல்லோருக்கும் தெரியும். எச்.பி.எல். அதே குடும்பம். பழுப்பு கிராஃப்ட் காகிதத்தை ஃபீனால் பிசினில் தோய்த்து, அடுக்கு மேல் அடுக்காக வைத்து, மேலே நிறமும் வடிவமும் கொண்ட காகிதத்தைப் போர்த்தி அழுத்துகிறார்கள். சூடு 120 டிகிரிக்கு மேல்; அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல். எடையில் பாதிக்கும் மேல் காகிதம்தான். வெந்து இறுகியபின் அது காகிதமாக நடந்துகொள்வதில்லை. லியோ பேக்லண்ட் 1907இல் ஃபீனால் பிசினுக்கு வழி கண்டார். 1913இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கிய ஃபார்மைகா நிறுவனம் இதே அடுக்குமுறையில் முதலில் செய்தது மின்கடத்தாப் பொருட்களை. மேசைக்கு வந்தது பிறகு. சுவரின் வெளிப்புறத்துக்கு வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து.

உள்ளறை மைக்கா ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பிளைவுட்டில் ஒட்டித்தான் நிற்கும். வெளிப்புறப் பலகை பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீட்டர் கனம், தானே நிற்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் நிறத்தை வெளுக்காமலிருக்க மேலே தனிப் பூச்சு இருக்கும். 8 மில்லிமீட்டர் பலகை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோ கனக்கும். நெதர்லாந்தின் டிரெஸ்பா, ஆஸ்திரியாவின் ஃபுண்டர்மாக்ஸ் ஆகியவை இந்தத் துறையில் பழைய பெயர்கள். நம் நாட்டில் கிரீன்லாம், மெரினோ போன்றவை செய்கின்றன. உள்ளறைக்கென்றும் தடிமன் பலகை உண்டு; அதுவும் வெளிப்புற வகையும் கடையில் பார்க்க ஒன்று போலவே இருக்கும். உள்ளறைக்கென்று செய்த தடிமன் பலகையை வெளியே அடித்துவிட்டால் சில கோடைகளில் நிறம் போய், ஓரம் பிரிந்துவிடும். "வெளிப்புற வகை, இ.என். 438 தரத்தின் 6ஆம் பகுதிப்படி" என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஆனால் வாசகரே, நீங்கள் கொடுக்கும் விலை பலகைக்கு. கிடைக்கும் பலன் பலகைக்குப் பின்னால் இருக்கும் இடைவெளிக்கு. வெயிலில் உடம்போடு ஒட்டாத தளர்வான சட்டை என்ன செய்கிறதோ, அதைத்தான் மழைத்திரை முகப்பு எனப்படும் இந்த அமைப்பு சுவருக்குச் செய்கிறது. சுவரில் அலுமினியச் சட்டம் அடித்து, இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் காற்றிடம் விட்டு, அதன் மேல் பலகையைப் பொருத்துகிறார்கள். கீழேயும் மேலேயும் திறப்பு இருக்கும். பலகை சூடேறியதும் பின்னால் உள்ள காற்று சூடாகி மேலே எழும். கீழிருந்து புதுக்காற்று நுழையும். வெயில் சுவரைத் தொடுவதில்லை. மழை அடித்தால் பெரும்பகுதி பலகையிலேயே வழிந்துவிடும்; இணைப்பு வழியாகப் புகுந்த கொஞ்சமும் பின்பக்கமாக இறங்கி வெளியேறும், மிச்ச ஈரத்தைக் காற்று உலர்த்திவிடும். ஆகவே உள்சுவரின் பூச்சும் நீர்க்காப்பும் சரியாக இருக்க வேண்டியது அவசியம். விரிசல் விட்ட சுவரை மறைக்க இந்தப் பலகையை யாராவது சிபாரிசு செய்தால், முதலில் விரிசலைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

திருப்பூருக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு நம் ஊரின் வானமும் காற்றுமே பதில். மழை நமக்குக் குறைவு. வெயில்தான் பெரிய கணக்கு. நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. இந்த நான்கு மாதமும் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. பிற்பகல் வெயிலோ ஆண்டு முழுவதும் மேற்குச் சுவரில். அந்தச் சுவர் மூன்று மணியிலிருந்து வாங்கிய சூட்டை இரவு ஷிப்ட் வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் அயர்னிங் செக்‌ஷன் இருந்துவிட்டால், அங்கே நிற்பவர்களுக்கு நீராவிச் சூடும் சுவர்ச் சூடும் சேர்ந்துவிடுகிறது.

அடுத்தது காற்று. ஆனியும் ஆடியும் வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நமக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. காற்று பலகையைத் தள்ளுவது மட்டுமில்லை, உறிஞ்சி இழுக்கவும் செய்யும். கட்டடத்தின் மூலைகளில் அந்த இழுவை மிக அதிகம். ஐ.எஸ். 875 தரத்தின் 3ஆம் பகுதி கோவைக்கு அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 39 மீட்டரைத் தருகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த எண்ணை வைத்துச் சட்டத்துக்கும் ரிவெட்டுக்கும் கணக்குப் போட்டுத் தரும் இன்ஜினீயரிடம் வேலையைக் கொடுங்கள். மூலையில் ரிவெட்டுகள் நெருக்கமாக விழ வேண்டும். நடுச்சுவருக்குப் போட்ட அதே அளவை மூலைக்கும் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். எதையும் இறுக்கி அடித்தால்தான் நிற்கும் என்று நம் வேலையாட்கள் பழகியிருக்கிறார்கள். இந்தப் பலகை அப்படி நிற்காது. பங்குனியில் உலர்ந்து சுருங்கும். ஐப்பசி ஈரத்தில் விரியும். மீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர் அசைவுக்கு இடம் விடச் சொல்கிறார்கள். மூன்று மீட்டர்ப் பலகை என்றால் ஏழெட்டு மில்லிமீட்டர். அதனால் ஒவ்வொரு பலகையிலும் நடுவில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் இறுக்கிவிட்டு, மற்ற இடங்களில் ரிவெட்டைவிடப் பெரிய துளை போட்டு, பலகை நகர விட வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே 8 முதல் 10 மில்லிமீட்டர் சந்து இருக்கும். அழகாக இல்லை என்று அதை சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டால், பலகை வளைந்து ரிவெட் பிடுங்கிக்கொள்ளும்.

இனிச் சொல்லப்போவதை, தயவுசெய்து, விலைப் பேச்சுக்கு முன்னால் படியுங்கள். காற்று மேலே ஏறும் அந்த இடைவெளியில் தீயும் ஏறும்.

2017 மே 31 அதிகாலையில் சென்னை உஸ்மான் சாலையில் பல மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்தது. கடை திறக்காத நேரம். மேல்மாடியில் இருந்த ஊழியர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கிக் காப்பாற்றினார்கள். புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே திரண்டதால், தீயை நெருங்குவதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. பிறகு முழுவதையும் இடிக்க வேண்டியதாயிற்று. பதினான்கு நாள் கழித்து, ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தது. ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ முகப்புப் பலகைக்குத் தாவி, 72 பேரைக் கொண்டுபோயிற்று. அங்கே இருந்தது எச்.பி.எல். அல்ல, நடுவில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியப் பலகை. நம் ஊர்க் கடைவீதிகளில் மலிவு ஏ.சி.பி. ஷீட்டாகத் தொங்குவதிலும் பெரும்பாலும் இதே நடுப்பொருள்தான். அனுப்பர்பாளையத்துக் குடும்பம் அதை வேண்டாம் என்றது நல்ல முடிவு.

ஆனால் எச்.பி.எல். என்றாலே பயமில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. 2019 நவம்பர் 15 இரவு இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் தி கியூப் என்ற மாணவர் விடுதியில் எரிந்து ஏறியது எச்.பி.எல். முகப்புதான். உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல். பாதிக்கும் மேல் காகிதம் என்று சொன்னேன் அல்லவா, சாதாரண வகை மரத்தைப் போல எரியக் கூடியது. தீத்தடுப்புப் பொருள் கலந்த வகை ஐரோப்பிய வகைப்பாட்டில் பி-எஸ்1, டி0 என்ற படியை எட்டும். கலக்காதது அதற்கு இரண்டு படி கீழே நிற்கும். இங்கிலாந்து 2018 டிசம்பரிலிருந்து, 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளின் வெளிச்சுவரில் இந்த இரண்டையுமே அனுமதிப்பதில்லை. நம் தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். அந்த உயரத்தை எட்டும் கட்டடத்துக்கும், ஆட்கள் தங்கித் தூங்கும் விடுதிக்கும் இந்தப் பலகை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அங்கே ஃபைபர் சிமென்ட், சுடுமண் பலகை போன்ற எரியாத பொருட்களே நல்லது. மூன்று மாடி கம்பெனி முகப்புக்குத் தீத்தடுப்பு வகையை, சான்றிதழைப் பார்த்து வாங்கலாம். சான்றிதழ் பலகைக்கு மட்டுமா, பின்னால் உள்ள சட்டம், இடைவெளி, இன்சுலேஷன் எல்லாம் சேர்த்துச் சோதித்ததா என்று கேளுங்கள். இன்சுலேஷன் வைத்தால் ராக்வூல் வையுங்கள், தெர்மோகோல் வேண்டாம். ஒவ்வொரு மாடித் தளத்திலும் ஜன்னலைச் சுற்றியும் தீத்தடைப் பட்டை வர வேண்டும். சாதாரண நாளில் காற்றுக்கு வழி விட்டு, சூடு பட்டதும் உப்பி இடைவெளியை அடைக்கும் பட்டை அது. கொட்டேஷனில் விலை குறைக்கும்போது முதலில் காணாமல் போவதும் அதுவே.

திருப்பூருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. பஞ்சுத் தூசி. நிட்டிங், கட்டிங் பக்கத்து எக்ஸாஸ்ட் ஃபேன் எதுவும் இந்த இடைவெளிக்குள் திறக்கக் கூடாது. கீழ்த் திறப்பில் துருப்பிடிக்காத வலை வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்யுங்கள். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை முகப்பு ஓரமாக அடுக்காதீர்கள். பனியன் வேஸ்ட் குடோனில் தீ என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. போர்டு மாட்ட வருபவர் பலகை மேலேயே வெல்டிங் வைக்க அனுமதிக்காதீர்கள். முகப்பு எதுவானாலும் மாடி ஜன்னல்களையும் தீயின்போது தப்பும் வழியையும் அது மூடிவிடக் கூடாது. வழிகாட்டும் பலகை தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும். நம் தையல் மிஷின்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அந்த மொழிகள் பேசும் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

அனுப்பர்பாளையம் என்றால் பனியனுக்கு முன்பே பாத்திரம். பித்தளையும் தாமிரமும் எவர்சில்வரும் தட்டி உருவாக்கும் பட்டறைகள் இன்றும் அந்தத் தெருக்களில் இருக்கின்றன. பட்டறைக்காரர்களுக்கு ஒரு விஷயம் உடனே புரியும்: பழைய பித்தளையை உருக்கிப் புதுப் பாத்திரம் செய்யலாம், இந்தப் பலகையை அப்படி உருக்க முடியாது. ஒருமுறை வெந்து இறுகிய பிசின் மறுபடி இளகுவதில்லை. ஆகவே போட்டால் முப்பது ஆண்டு நிற்கும்படி போட வேண்டும். ஃபேஷனுக்காகப் போட்டு ஐந்து ஆண்டில் கழற்றும் பொருள் இல்லை இது.

அந்தப் பட்டறைகளுக்கும், ஷெட்டில் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கும் இந்தப் பலகை கட்டுப்படியாகாது. ஆனால் இடைவெளிக்கு விலை இல்லை. தகரக் கூரை ஷெட்டில் பெரும்பாலான சூடு கூரை வழியாகத்தான் இறங்குகிறது. கையில் இருக்கும் பணத்தை முதலில் கூரைக்குச் செலவிடுங்கள். வெள்ளைப் பூச்சு, கூரை உச்சியில் சூட்டுக்காற்று போக வழி, இரண்டுமே உதவும். பிறகு மேற்குச் சுவர். நான்கு அங்குலம் தள்ளி மேலும் கீழும் திறந்த ஒரு தகரத் தடுப்பு, ஓட்டைச் செங்கல்லில் ஒரு ஜாலி, இடம் இருந்தால் நாலு புங்கன். இவை எல்லாமே அதே வேலையைத்தான் செய்கின்றன.

எலிவேஷன் ரோட்டில் போகிறவர் பார்ப்பதற்கு என்று நாம் நெடுநாளாக நினைத்துவிட்டோம். ரோட்டில் போகிறவர் அரை நிமிடம் பார்ப்பார். சுவருக்குப் பின்னால் தைப்பவரும் மடிப்பவரும் அயர்ன் போடுபவரும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அதோடு இருக்கிறார்கள். முகப்புக்குப் பணம் போடுமுன் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுக்கொள்வது ஒரு முதலாளியின் கடமை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். அப்படிக் கேட்டுக்கொண்டுதான், அனுப்பர்பாளையத்து வாசகரே, நீங்கள் எழுதினீர்கள் என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரி சொல்கிறது: "லேடீஸ் பக்கம் மத்தியானம் உட்கார முடியலைங்க." அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கமும்.

எல்லா வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி, மேற்குச் சுவரின் உள்பக்கத்தில் ஆள் உயரத்தில் மாட்டுங்கள். ஒரு வாரம் மாலை நான்கு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் குறித்து வையுங்கள். சுவர் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, கூரை கான்கிரீட்டா, ஷீட்டா என்பதையும் சேர்த்து எங்களுக்கு எழுதுங்கள். முகப்பு மாற்றியவர்கள் மாற்றுவதற்கு முந்திய கணக்கும் இருந்தால் அனுப்புங்கள். நம் ஊர்ச் சுவர்களைப் பற்றி நம் ஊர் எண்களை வைத்தே பேச ஆடி இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்