நீந்தத் தெரியாத பிள்ளைகளும் சவுக்குக் கட்டைகளும்

காணும் பொங்கல் அன்று மெரினாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மணலைத் தாண்டி அலையில் கால் நனைக்கப் போனால் சவுக்குக் கட்டைகள் மறிக்கும். கட்டைக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் சனம், நடுவில் போலீஸ். மற்ற நாட்களில் கட்டை இருக்காது, தடை மட்டும் இருக்கும். மெரினாவிலும் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் கடலில் குளிக்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகையைப் படித்துவிட்டுத்தான் பிள்ளைகள் இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில், பரீட்சை முடிந்த மறுநாளில் இறங்குகிறார்கள். சிலர் திரும்புவதில்லை. அடுத்த நாள் பேப்பரில் நான்கு வரி வரும்.

ஆபத்தே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. கரையில் மோதிய அலைநீர் திரும்பும்போது குறுகிய தடமொன்றில் சேர்ந்து உள்ளே இழுக்கும். மேலிருந்து பார்த்தால் அந்த இடம் அலையடங்கி அமைதியாகத் தெரியும். விவரமில்லாத பிள்ளை அங்கேதான் இறங்கும். இழுவையில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்து மூழ்கிப்போவார். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். நொச்சிக்குப்பத்துப் பையனுக்கு இது பத்து வயதிலேயே தெரியும். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் பையனுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அவன் தாத்தா மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவராக இருக்கலாம். அந்தக் கரைகளில் இருந்தவர்களை, அவர்களில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள், கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் வண்டியேற்றி அனுப்பிய கதை நாமறிந்ததுதான்.

நம் பிள்ளைகளுக்கு ஏன் நீந்தத் தெரியவில்லை என்று கேட்டால், பதில் கிராமத்துக் கிணற்றில் கிடக்கிறது. நம் நாட்டில் நீச்சலைப் பள்ளிக்கூடம் சொல்லித் தரவில்லை, பாசனக் கிணறு சொல்லித் தந்தது. மாமனோ அண்ணனோ இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் தள்ளிவிடுவார். நாலு நாள் தண்ணீர் குடித்தால் ஐந்தாம் நாள் மிதக்கலாம். ஆனால் பாசனக் கிணறு நிலம் உள்ளவனுக்குத்தான் உண்டு. நிலமில்லாத சேரிக்கு ஏது கிணறு? அடுத்தவர் கிணற்றில் குதித்தால் தண்ணீர் தீட்டாகிவிடும். நம் பெரியவர்கள் கிணறு வெட்டினார்கள், தூர் வாரினார்கள், சேறு அள்ளினார்கள். அதில் நீந்த மட்டும் அனுமதி இல்லை. பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். அவர்களை யாருமே தண்ணீரில் தள்ளிவிடவில்லை.

பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2018 ஜூன் மாதம் மகாராஷ்டிரத்தின் ஜல்கான் மாவட்டம் வாகடி கிராமத்தில், கிணற்றில் நீந்தினார்கள் என்பதற்காகத் தலித் சிறுவர்களை அம்மணமாக்கி அடித்தார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது.

சட்டத்துக்குக் குறைவில்லை. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாம் ஒடுக்கப்பட்டோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் 1924இலேயே நிறைவேற்ற வைத்தார். 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கிணறு, குளத்தோடு படித்துறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குடிக்கும் உரிமை மட்டுமல்ல, இறங்கிக் குளிக்கும் உரிமையும் அதில் இருக்கிறது. மாணவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை எடுத்து வாசிக்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து விலக்கி வைத்தால் தலைமுறை கடந்து என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். மிசிசிப்பி மாநிலம் பிலாக்ஸியில், பொதுப் பணத்தில் மணல் கொட்டி உருவாக்கிய கடற்கரையில் கறுப்பின மக்கள் இறங்கக் கூடாது. கில்பர்ட் மேசன் என்ற கறுப்பின மருத்துவர் 1959இல் தோழர்களோடு அங்கே இறங்கினார். 1960 ஏப்ரலில் மீண்டும் இறங்கியவர்களை வெள்ளையர் கும்பல் சங்கிலியாலும் கட்டையாலும் தாக்கியது. நீதிமன்றத் தீர்ப்பால் கரை திறக்க 1968 ஆனது. பலகைகள் போய்விட்டன, விளைவு போகவில்லை. நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் 10 முதல் 14 வயதுக் கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் வெள்ளையினக் குழந்தைகளைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. நீந்தத் தெரியாத தாய் தகப்பன் பிள்ளையையும் தண்ணீர்ப் பக்கம் விடுவதில்லை.

இந்தியாவில் ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தருகிறது. ஆண், பெண், வயது என்று பிரித்துச் சொல்லும் அந்தப் பட்டியலில் சாதி இல்லை. கேட்டால்தானே எழுதுவார்கள்.

தடை போடுகிறவர்களுக்கு வேறு வழி தெரியாது என்றும் சொல்ல முடியாது. இதே கடலில், மகாபலிபுரம் போகிற வழியில் கோவளம் இருக்கிறது. 2021இல் அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. பாதுகாப்பாகக் குளிக்க எல்லை குறித்த பகுதியும் உயிர்காப்பாளர்களும் அந்தச் சான்றுக்குத் தேவை. காசு உள்ளவர்கள் அலைச்சறுக்குப் பழகுகிறார்கள், முக்குளிக்கப் படிக்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்குப் பயிற்சியாளர், நம் பிள்ளைக்கு லத்தி. மெரினாவிலேயே 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மணல்மேல் மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. மறுபடியும் சரிசெய்தார்கள். நல்ல காரியம். மனம் வைத்தால் கடலுக்கு வழி போட முடியும் என்பது அதில் தெரிகிறது.

கிராமத்து வாசகருக்கு இது சென்னைக்காரர் விவகாரமாகத் தோன்றலாம். ஏரியில் மண் அள்ளிய பள்ளத்திலும், கைவிட்ட கல்குவாரிக் குட்டையிலும் சாகிற பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? அங்கே பலகைகூட இருப்பதில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அடிப்படை நீச்சல் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாநிலத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றிலும் விடுதிகளிலும் இதைப் பாடமாக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர்களோடு. வேளச்சேரி நீச்சல் வளாகத்திலும் மெரினா குளத்திலும் அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாத நேரம் ஒதுக்க வேண்டும். பெசன்ட் நகரில் ஓரிடத்தைக் கயிறு கட்டிக் குறித்து, காலையில் இரண்டு மணி நேரமாவது திறந்துவிட வேண்டும். காவலுக்குக் குப்பத்து மீனவ இளைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். மூழ்குகிறவர்களை ஓடிப்போய்த் தூக்குவது இப்போதும் அவர்கள்தான். அவர்கள் வீட்டுப் பெண்களைத்தான் 2023 ஏப்ரலில் லூப் சாலையில் மீன் விற்கக் கூடாது என்று கடையைப் பிரித்து அனுப்பினார்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் என்னிடம் ஓர் இடம் உண்டு. கர்னல் ஆல்காட் 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று ஊரூரில் ஒரு பள்ளி தொடங்கினார். ஆல்காட் பெயரில் அந்தப் பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் நடக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் கடல் இருக்கிறது.