ஹான்லேக்கு ஒரு பெருங்கண்ணாடி

லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் சந்திரா தொலைநோக்கியை, பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக இயக்கி, ஆதி நக்ஷத்திரங்களின் ரசாயனச் சேர்க்கையை ஆராய்ந்து வருகிறார்கள் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்து விஞ்ஞானிகள். அதன் கண்ணாடியின் விட்டம் 2 மீட்டர்தான் என்பதே என் விசாரம்.

நக்ஷத்திரத்தின் ஒளியைப் பிரித்தால் வண்ணப் பட்டையின் குறுக்கே கரிய கோடுகள் விழுகின்றன. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி இடம். அக்கோடுகளிலிருந்து தனிமங்களின் அளவைக் கணிக்க வழி திறந்தது, 1920-ல் மேகநாத் சாஹா கண்ட அயனியாக்கச் சமன்பாடு. சூரியனின் பட்டையில் இரும்புக் கோடுகள் அடர்ந்து கிடக்க, பிரபஞ்சத்தின் இளமையில் பிறந்த நக்ஷத்திரத்தின் பட்டையோ நெடுந்தூரம் வெறுமையாகக் கிடக்கும்; மயிரிழை போல ஒரு கோடு எங்கோ தென்படும். கன உலோகங்கள் உண்டாவதற்கு முந்தைய காலத்தின் சாசனம் அது.

அத்தகைய நக்ஷத்திரங்கள் மிகுந்திருப்பவை, பால்வீதியைச் சுற்றிவரும் மங்கலான குறுமண்டலங்கள். 75,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஸெகூ 1 என்னும் மண்டலம் முழுவதும் சேர்ந்து தருவது சில நூறு சூரியன்களின் ஒளியே. 2015-ல் கண்டுபிடிக்கப்பட்ட ரெட்டிகுலம் 2 என்னும் குறுமண்டலத்தில் ஆராய்ந்த ஒன்பது நக்ஷத்திரங்களுள் ஏழில் யூரோப்பியம் போன்ற கன தனிமங்கள் அபரிமிதமாக இருப்பதை, சிலி தேசத்தில் 6.5 மீட்டர் கண்ணாடியைக் கொண்டு கண்டார்கள். நியூட்ரான் நக்ஷத்திரங்கள் இரண்டு மோதியது போன்ற அபூர்வ சம்பவம் ஒன்றே அம்மண்டலம் முழுவதையும் அவ்வாறு செழிப்பித்திருக்க வேண்டும். நம் பெண்கள் அணியும் பொன்னும் அத்தகைய சம்பவங்களில் விளைந்ததே என்ற கருத்துக்கு 2017 ஆகஸ்டில் பூமியிலிருந்தே காண நேர்ந்த மோதல் பெரும் வலுவூட்டியது.

ஹான்லேயின் சிறிய கண்ணாடி அவ்வளவு மங்கிய ஒளியைத் திரட்டிப் பிரிக்க வல்லதன்று. ஆகவே நம்மவர்கள், முற்காலத்தில் பால்வீதி விழுங்கிய குறுமண்டலங்களிலிருந்து சிதறி வந்து நம் அருகே திரியும் நக்ஷத்திரங்களைத் தேடி ஆராய்கிறார்கள். அது மெச்சத்தக்க உழைப்பே. ஆயினும் மூலத்தை விட்டு அதன் சிதறல்களை மட்டும் பார்ப்பதில் எத்தனை நாள் திருப்தி கொள்வது?

2014-ல் முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியா பங்காளியாயிற்று. ஹவாய்த் தீவின் பூர்வகுடிகள் தங்கள் புனித மலையில் அதைக் கட்டலாகாது என்று எதிர்த்து நின்றதால், 2015-லும் 2019-லும் வேலை தடைப்பட்டது. அவர்களுடைய மனக்குறை மதிக்கத்தக்கது. ஆனால் அந்த வழக்கு தீரும்வரை நாம் கைகட்டியிருக்க வேண்டிய அவசியமில்லை. 1986-ல் காவலூரில் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி பெங்களூரிலேயே தேய்த்து மெருகேற்றப்பட்டது. முப்பது மீட்டர் தொலைநோக்கிக்குரிய கண்ணாடித் துண்டுகளை மெருகேற்றும் ஆய்வகம் 2020-ல் ஹொசகோட்டையில் திறக்கப்பட்டது. கைத்திறன் இருக்கிறது, மேகமற்ற, வறண்ட ஆகாயம் ஹான்லேயில் இருக்கிறது. அங்கே பத்து மீட்டருக்கு மேற்பட்ட தேசியத் தொலைநோக்கி அமைக்கும் யோசனையும் வெகுகாலமாக இருக்கிறது. பத்து மீட்டர் கண்ணாடி, இன்றுள்ளதைப் போல் இருபத்தைந்து மடங்கு ஒளியைத் திரட்டும். மத்திய சர்க்கார் இனியும் தாமதியாமல் அந்த யோசனைக்கு நிதி ஒதுக்கி, வேலையைத் தொடங்க வேண்டும்.