கல்லின் அளவோடு நிற்கும் அறிக்கைகள்

சிறுநீர்க்குழாய்க் கல்லைக் கண்டறிவதில் கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. ஸ்கேனை மிஞ்சும் சோதனை இன்று வேறில்லை. நரம்பில் சாயம் செலுத்தி எடுக்கும், 1929 முதல் கோலோச்சிய ஐ.வி.யூ. எக்ஸ்ரே படத்தை, 1990களின் நடுவில் வந்த இந்த முறை சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டிவிட்டது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் இதில் தெரியும். இண்டினாவிர் மருந்து படிந்து உண்டாகும் கல் போன்ற மிகச் சிலவே தப்பும்.

கல் திரும்பத் திரும்ப வரும் நோய். பலருக்கு இளவயதிலேயே தொடங்குகிறது. வழக்கமான நெறிமுறையில் எடுக்கும் ஒவ்வொரு சி.டி.யும் ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைச் சேர்க்கிறது. குறைந்த கதிர்வீச்சு நெறிமுறையில் இது 3 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே இறங்கும். உடல் பருமன் இல்லாதவர்களிடம், 3 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களைப் பொறுத்தவரை, இதனால் பெரிய இழப்பில்லை. கருவியை நிறுவிய நாளில் வைத்த அமைப்பையே ஓட்டிக்கொண்டிருப்பதற்கு மருத்துவ நியாயம் எதுவும் கிடையாது.

எல்லோருக்கும் முதலிலேயே சி.டி. வேண்டியதுமில்லை. அமெரிக்காவின் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 2,759 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களிடம் ஆபத்தான நோய்கள் கூடுதலாகத் தவறவிடப்படவில்லை. அவர்கள் பெற்ற கதிர்வீச்சும் குறைவு. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர் சி.டி. தேவைப்பட்டது உண்மை. அல்ட்ராசவுண்ட், நடுச் சிறுநீர்க்குழாய்க் கல்லைத் தவறவிடும். கல்லின் அளவைக் கூட்டிக் காட்டும். அறுவை சிகிச்சையைத் திட்டமிடும்போது இந்தக் குறை பெரிது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதல் சோதனையாக அமையும்போது அத்தனை பெரிதல்ல.

கல் எதனால் ஆனது என்று சொல்வதே இரட்டை ஆற்றல் சி.டி.யின் தனிப் பயன். ஒரே கல்லை 80, 140 கிலோவோல்ட் போன்ற இரு நிலைகளில் பார்க்கும்போது, கால்சியம் உள்ள கல்லின் அடர்த்தி மதிப்பு தாழ்ந்த மின்னழுத்தத்தில் வெகுவாக உயரும். கார்பன், நைட்ரஜன் போன்ற இலேசான தனிமங்களால் ஆன யூரிக் அமிலக் கல்லில் மதிப்பு அதிகம் மாறாது. யூரிக் அமிலம் என்று உறுதியானால் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து, சிறுநீரின் பி.எச். மதிப்பை 6.5க்கு மேல் வைத்து, கத்தியின்றிக் கல்லைக் கரைக்க முயலலாம். அடைப்போடு தொற்றும் சேர்ந்திருந்தால் கதை வேறு. அங்கே உடனடி வடிகால்தான் முதல் சிகிச்சை. மிகச் சிறிய கற்களிலும் கலப்புக் கற்களிலும் இரட்டை ஆற்றல் முறை தடுமாறும். உடல் முழுவதையும் இரட்டை ஆற்றலில் எடுக்கவும் வேண்டாம். குறைந்த கதிர்வீச்சில் கல்லைக் கண்டபின் அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும்.

இரட்டை ஆற்றல் கருவி இல்லாத மையமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சி.டி.யில் கல்லின் அடர்த்தி 500 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்குக் கீழும் சிறுநீரின் பி.எச். 5.5க்குக் கீழும் இருந்தால் யூரிக் அமிலச் சந்தேகம் வலுக்கிறது. அடர்த்தி 1000ஐத் தாண்டினாலோ, தோலுக்கும் கல்லுக்கும் இடைத்தூரம் 10 செ.மீ.க்கு மேல் போனாலோ கல்லை உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சை தோற்கும் வாய்ப்பு கூடும். இவை சாதாரண சி.டி. படத்திலேயே கிடைக்கும் எண்கள். கதிரியக்க மருத்துவர்கள் இவற்றை அறிக்கையில் எழுத வேண்டும். ஸ்கேனுக்கு அனுப்பும் மருத்துவர்கள் சிறுநீரின் பி.எச். மதிப்பையும் முந்தைய கல்லின் பகுப்பாய்வையும் படிவத்தில் குறித்தே அனுப்ப வேண்டும்.