அப்பா என்ன செய்கிறார்?

அக்கா மகளுக்கு வரும் வியாழக்கிழமை சென்னையில் நேர்காணல். ஒரு தனியார் விமான நிறுவனத்தில் கேபின் க்ரூ, அதாவது நாம் விமானப் பணிப்பெண் என்கிற வேலை. பி.காம். முடித்திருக்கிறாள், வயது 21. ஒரு வாரமாக எங்கள் வீட்டு ஹாலில் நான்தான் நேர்காணல் அதிகாரி. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் கிடப்பில் கிடக்கிறது. நெறியாளர் இதைப் படிக்காதவரை கவலையில்லை.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிக்கிறாள். குடிபோதையில் தகராறு செய்யும் பயணியை எப்படிச் சமாளிப்பாய் என்றால் அதற்கும் நல்ல பதில் வைத்திருக்கிறாள். 'அப்பா என்ன செய்கிறார்?' என்று கேட்டதும் நின்றுவிட்டாள்.

"பிசினஸ்னு சொல்லச் சொன்னாங்க சித்தி."

சொன்னது அவள் பணம் கட்டிப் படித்த பயிற்சி மையம். இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷன் போடச் சொன்னதும் அவர்கள்தான். அவள் அப்பா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்.

எனக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணலில் இதே கேள்விக்கு நான் 'விவசாயம்' என்றேன். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

டெல்லியில் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசி சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 2007-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதி மட்டும்தான் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியை அவசியம் கேட்போம் என்றும் சொன்னார்கள். நல்ல குடும்பம் என்றால் நல்ல பழக்கவழக்கம் இருக்குமாம். அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு குடும்பப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். நியாயமான பெருமைதான். ஆனால் பின்னொட்டு செய்கிற வேலையை இங்கே அப்பாவின் தொழிலும், குடியிருக்கும் தெருவும், படித்த பள்ளியும் செய்துவிடுகின்றன.

இந்த வேலைக்கு அப்பாவின் தொழில் எதற்கு? விமானத்தில் 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கே பாதுகாப்புக்காக வைத்ததுதான், காபி ஊற்றுவதற்காக அல்ல. பாதி அவசர வழிகள் மட்டும் திறந்திருந்தாலும் எல்லோரையும் 90 விநாடிக்குள் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்தால்தான் ஒரு பெரிய பயணிகள் விமானத்துக்கே சான்று கிடைக்கும். அந்த 90 விநாடியில் சரும நிறமா உதவப்போகிறது? உயரம் கேட்பதில்கூட அர்த்தமுண்டு, மேலே இருக்கும் பாதுகாப்புக் கருவிகளைக் கை எட்ட வேண்டும். 'தெளிவான சருமம்', 'இனிய தோற்றம்' என்று விளம்பரத்தில் போடுவதற்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. முதல் கர்ப்பத்தோடு பணிப்பெண்ணை வேலையை விட்டு அனுப்பும் ஏர் இந்தியா விதியை உச்ச நீதிமன்றம் 1981-இல் நர்கீஸ் மீர்சா வழக்கில் ரத்து செய்தது. பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை அதே தீர்ப்பு சரி என்றது. அந்தக் காலத்திலிருந்தே இந்த வேலையில் பெண்ணின் உடம்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் என்றால் உடம்போடு சேர்த்துப் பிறப்பையும்.

அந்த ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை இடஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரியில் அது டாடாவிடம் போனது. அலையன்ஸ் ஏர் போன்ற சிறு விதிவிலக்கைத் தள்ளிவிட்டால், இன்று இந்திய விமானங்களில் வேலை என்பது தனியார் வேலை. பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குத் தாட்கோ தன் செலவில் கேபின் க்ரூ பயிற்சி தருகிறது, நல்ல காரியம். ஆனால் நேர்காணல் அறைக்குள் தாட்கோ வர முடியாது. தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கையைப் பழைய முழக்கம் என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் அந்த அறையில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம். அது வருகிறபோது வரட்டும். வேலைக்கான நேர்காணலில் பெற்றோரின் தொழிலைக் கேட்கக் கூடாது என்று ஒரு விதி போட எந்த அரசுக்கும் பெரிய செலவு ஆகாது.

நேர்காணல்களில் இன்னொரு கேள்வியும் வருமாம்: 'கழிவறை அசுத்தமாக இருந்தால் என்ன செய்வாய்?' பறக்கும்போது அதைக் கவனிப்பதும், குப்பையைச் சேகரிப்பதும் கேபின் க்ரூவின் வேலைதான். இதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். "இதுக்கு அப்பாவையே கூட்டிட்டுப் போயிடலாம் சித்தி." அவள் அப்பாவைக் கையுறைகூடக் கொடுக்காமல் செய்யவைக்கிற அதே வேலையை, சீருடையும் லிப்ஸ்டிக்கும் போட்டுச் செய்தால் சேவை என்கிறார்கள்.

பிசினஸ் என்று சொல்வதா, உண்மையைச் சொல்வதா? நான் முடிவு சொல்லவில்லை. பொய் சொல்லி உள்ளே போனவள் நான், உண்மையைச் சொல் என்று அவளுக்கு வீரம் போதிக்க எனக்குத் தகுதியில்லை. நேற்று இரவு அவளே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்: "என் அப்பா நகராட்சியில் தூய்மைப் பணியாளர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார், ஒருநாளும் வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை." சொல்லிவிட்டு, "எடுப்பாங்களா?" என்றாள். மறுபடியும் பிசினஸ் பதிலைச் சொல்லிப் பார்த்தாள்.

ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, துணைக்கு வருகிறேன் என்கிறார் மாமா. நேர்காணல் பெரிய ஓட்டலில். நான் எங்கே நிற்பது, தெருமுனை டீக்கடையில் இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டார்.

"வாசல்லயே நில்லுப்பா" என்றாள்.