நோட்டை மூடிவிட்டுப் பாடுங்கள்

பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் எல்லார் பையிலும் ஒரு நோட்டு இருக்கும். மேல் வரியில் ஸ்வரம், கீழ் வரியில் சாகித்தியம். இப்போது அந்த இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. வீட்டில் சாதகம் செய்ய அது இருக்கட்டும். நாலு பேர் முன்னால் பாடும்போதும் அதைப் பார்த்தால்தான் பாட்டு வரும் என்ற நிலைமைதான் கவலை தருகிறது.

பயத்துக்கு மருந்தென்று வைத்துக்கொள்ளும் நோட்டு, பயத்தைக் கூட்டத்தான் செய்கிறது. தலை குனிந்தால் கழுத்து மடங்கும், குரல் திறந்து வராது. பக்கவாத்தியக்காரரை நிமிர்ந்து பார்க்க முடியாது. தொடையில் தாளம் போடும் கையே திரையையும் தள்ள வேண்டும். சரணத்தின் நடுவில் திரை இருண்டு, விரல் அதைத் தட்டப் போகும் நொடியில் தாளம் நழுவுகிறது. அதற்குப் பிறகு சாகித்தியமும் நிற்பதில்லை.

நம் சங்கீதம் காதுவழி வந்தது. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கமகங்களுக்கென்றே தனிக் குறியீடுகள் உண்டு. அத்தனை நுட்பமான நூலை வைத்துக்கொண்டும், கேட்டுப் பழகாத ஒருவர் தோடி காந்தாரத்தைப் பாடிவிட முடியாது. நம் பிள்ளைகளின் நோட்டிலோ வெறும் 'க' மட்டும்தான்.

மேடையில் மறந்துபோவதற்குப் பெரிய காரணம், பொருள் தெரியாததுதான் என்பேன். தெலுங்குக் கீர்த்தனையைத் தமிழ் எழுத்தில் எழுதி, சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் உருப்போட்டால் எப்படி நிற்கும்? தியாகராஜரின் ஸ்ரீராகப் பஞ்சரத்தினத்தில் 10 சரணங்கள். எப்படிப்பட்ட பெரியவர்களையெல்லாம் அதில் வணங்குகிறார் என்று புரிந்துகொண்டவருக்கு, அடுத்த சரணத்தைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அபூர்வமான கிருதியை முதன்முறை பாடும் வித்வான் எதிரே ஒரு தாளை வைத்துக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன். கற்றுத்தந்த பாட்டுக்கும் தாள் தேவைப்படுவதுதான் சரியில்லை.

எப்போதும் பல்லவியிலிருந்தே தொடங்காமல், சரணத்தின் நடுவிலிருந்து எடுத்துப் பாடிப் பாருங்கள். விட்ட இடத்தில் பிடிக்கும் திறமை அப்படித்தான் வரும். ஒரு வார்த்தை மறந்தால் நிறுத்தாதீர்கள். அகாரமாகப் பாடி அந்த ஆவர்த்தனத்தை முடித்து, அடுத்த எடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் யாருக்கும் உண்டு. அடிக்கடி பாடப் பாடத்தான் அடங்கும்.

அப்படி அடிக்கடி பாட, நவராத்திரிக் கொலுவைவிட நல்ல மேடை கிடையாது. சுண்டல் வாங்க வந்த ஏழெட்டுப் பேர், மைக் இல்லை, யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. "ஒரு பாட்டுப் பாடேம்மா" என்று கேட்கும் மாமிகளுக்கு ஒரு வேண்டுகோள். சின்ன கீதமானாலும் போதும், போனை உள்ளே வைத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள். குழந்தை நடுவில் திக்கினால் நீங்களும் கூடச் சேர்ந்து பாடுங்கள்.